இருபது கிராம்

ஜூன் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். எழுத்தில் இருந்தால் நாளைக்கு "நீ அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நீ முழிக்க முடியாது.

ஆறு மாதத்துக்கு என்னை இந்த ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே கொடுத்திருக்கும் குடியிருப்பில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. வேறு போக்கிடம் இருந்திருந்தால் மேனேஜரை உன் வீட்டுப் படியேற விட்டிருக்கவே மாட்டேன். உன் மனைவிதான் வாசலுக்கு வந்து கூண்டை வாங்கிக்கொண்டாள். நீ உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது.

முயலுக்கு எதற்கு மேனேஜர் என்று பெயர் என்று உன் மனைவி கேட்டாள். ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். எங்கள் அலுவலகத்துக்கு ஒருநாள் வந்து பார்த்தால் புரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜருக்கு மூன்று மாதம் ஆகிறது. எடை ஒரு கிலோ நாற்பது கிராம். பெல்லட் என்கிற உருண்டைத் தீவனம் ஒரு நாளைக்கு இருபது கிராம். காலையில் பத்து, மாலையில் பத்து. காய்ந்த புல் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். தீவன மூட்டையோடு ஒரு சின்னத் தராசும், ஒரு கிலோ படிக்கல்லும் வைத்திருக்கிறேன். தராசை நானே சோதித்து முத்திரை வைத்தேன். அதில் நிறுத்துப் போடு. உன் கை அளவு இங்கே செல்லாது. நானாக எழுதும்வரை ஒரு உருண்டை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அக்கா

*

ஜூன் 10

உயர்திரு எடை அளவு ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் உத்தரவு கிடைத்தது. தலைமேல் வைத்துக்கொண்டேன். வழுக்கை என்பதால் வழுக்கி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறாய். போன வருடம் ஏப்ரலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் தலைமைச் சமையல்காரனாக இருக்கும் தொழிற்சாலை கேன்டீனுக்கு இரண்டு உதவியாளர்களோடு வந்தாய். முந்நூறு பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சரக்கறைத் தராசு நாற்பது கிராம் தவறு என்று அதில் சிவப்பு முத்திரை குத்தினாய். அதுவரைகூடச் சரி, உன் பிழைப்பு அது. என் கீழே வேலை செய்கிறவர்கள் முன்னால், "இவன் கைக்கு எடை தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கான், பாவம்"னு சொன்னாயே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பத்தொன்பது வருடமாக இந்தக் கையால்தான் உப்புப் போடுகிறேன். ஒருத்தனும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதில்லை.

முயல் நன்றாக இருக்கிறது. தையல் மிஷின் இருக்கும் அறையில், கயிற்றுப் பாய்மேல் உட்கார்ந்து என் மனைவி தைப்பதை மேற்பார்வை பார்க்கிறது. பெயர் பொருத்தம்தான். உன் இருபது கிராமை அது ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு, கிண்ணத்தைப் பல்லால் தூக்கிப் போடுகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். வளர்கிற குட்டிக்கு இது போதுமா? எங்கள் கேன்டீனில் பயிற்சிக்கு வரும் பதினெட்டு வயதுப் பையன்கள் ஐம்பது வயது ஆசாமிகளைவிட இரண்டு பங்கு சாப்பிடுவார்கள். அதனால் கேட்டேன்.

இப்படிக்கு,
கை அளவு

*

ஜூன் 17

தம்பிக்கு,

முயலும் உன் கேன்டீன் வரிசையும் ஒன்றில்லை. நான் சமையல்காரனிடம் ஆலோசனை கேட்கவில்லை, சொன்னதைச் செய்யத்தான் கேட்டேன்.

கிண்ணத்தைத் தூக்கிப் போடுவது பசியால் இல்லை, செல்லத்தால். கேட்டபோதெல்லாம் கொட்டினால் முயல் கொழுத்துச் சாகும். உனக்கு அது தெரியாது. உனக்கு யாராவது தட்டை நீட்டினால் கரண்டி தானாக எழும். அதைப் பெரிய குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஏப்ரல் விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. தராசு தவறாக இருந்தது. அது என் தம்பியின் தராசு என்பதற்காக நாற்பது கிராம் சரியாகிவிடாது.

இருபது கிராம். மாற்றாதே. வாரம் ஒருமுறை முயலை எடை பார்த்து எழுது. கூடையில் வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழி. கழித்தல் தெரியும்தானே?

அக்கா

*

ஜூலை 6

ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் உத்தரவுப்படி எடை விவரம்: ஜூன் 22, ஒரு கிலோ எண்பது. ஜூன் 29, ஒரு கிலோ எழுபது. நேற்று, ஒரு கிலோ எண்பது. கூடையைக் கழித்துவிட்டேன். மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.

தீவனம் இருபது கிராம். நேற்று ஒரு உருண்டை தட்டிலிருந்து கீழே விழுந்தது. கணக்குக்குள் வராதே என்று எடுத்துத் திரும்பத் தராசில் வைத்தேன். முயல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மேனேஜர் அப்படி ஒரு ஊழியனைப் பார்க்கக் கூடாது.

என் மனைவி உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, இது வந்தப்போ இருந்த மாதிரியே இருக்குது. தையக்காரிக்கு அளவு தெரியாதா என்ன?" அவள் கருத்தும் கேட்கப்படவில்லை என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்பவன்

*

ஜூலை 13

தம்பிக்கு,

நீ அனுப்பிய எடைகளைப் படித்துச் சிரித்தேன். நாலரை மாதம் ஆகப்போகிற குட்டி ஒரு மாதத்தில் நாற்பது கிராம்தான் ஏறுமா? இந்நேரம் அது ஒன்றரை கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். முயல் வளரவில்லை என்பதைவிட, உனக்கு நிறுக்கத் தெரியவில்லை என்பதைத்தான் நான் எளிதாக நம்புவேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன். எடை தவறாக வந்தால் பத்தில் ஒன்பது முறை தப்பு பொருளில் இருக்காது, நிறுக்கிறவனிடம் இருக்கும்.

தராசைச் சமமில்லாத தரையில் வைத்திருப்பாய். அல்லது கூடையை இரண்டு தடவை கழித்திருப்பாய். முயல் நெளியும்போது முதலில் தெரிந்த எண்ணை எழுதியிருப்பாய். எப்படியோ, இந்த எண்களை வைத்து நான் தீவனத்தை மாற்ற முடியாது. சரியான எடை வரட்டும், பார்க்கலாம். அதுவரை அதே இருபது.

உன் மனைவி நல்லவள். முயல் துணி இல்லை என்று அவளிடம் சொல்.

அக்கா

*

ஜூலை 20

ஆய்வாளர் அவர்களுக்கு,

அதே இருபது. உத்தரவு.

*

ஆகஸ்ட் 9

அக்கா,

இந்தத் தடவை மரியாதைப் பட்டம் எதுவும் போடவில்லை, கவனித்தாயா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் பெல்லட்டைத் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்கிற ஆள் மூலையில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தது. புழுக்கையும் இல்லை. வயிறு கல் மாதிரி. என் மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். சின்ன வயது, பெரிய வாய். மேஜைமேல் வைத்து முதுகைத் தடவியவுடனே கேட்டார், "இதுக்கு என்ன வயசு?" அஞ்சு மாசம் என்றேன். "அஞ்சு மாசத்து முயலா இது? முதுகெலும்ப ஒண்ணொண்ணா எண்ணலாம் போல இருக்குதே. என்ன குடுக்குறீங்க?" நான் பெருமையாக, நிறுத்துத்தான் போடுகிறோம், இருபது கிராம், ஒரு உருண்டை கூடாமல் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இருபது கிராமா? யாரு சார் சொன்னது? வளர்ற குட்டிக்குக் கிண்ணம் காலியாவே இருக்கக் கூடாது. ஆறு ஏழு மாசம் வரைக்கும் தின்ற அளவுக்குப் போடணும், புல்லும் சேர்த்து. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். நீங்க பெரிய முயலுக்குப் போடுற அளவவிடக் கம்மியா போட்டிருக்கீங்க."

பசி தாங்காமல் அது கயிற்றுப் பாயின் விளிம்பைத் தின்றிருக்கிறது. நார் குடலில் சுருண்டுகிடந்தது. மூன்று நாள் ஊசி, மருந்து, இரண்டு மணிக்கொரு தரம் ஊசிக்குழாயில் கரைத்த தீவனம். என் மனைவி தைக்கவே இல்லை. புதன்கிழமைதான் நான்கு புழுக்கை போட்டது. அதைப் பார்த்து அவள் அழுதாள். புழுக்கையைப் பார்த்து அழுத முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

பிழைத்துவிட்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அவர் மருத்துவமனையின் தராசிலும் எடை ஒரு கிலோ எழுபதுதான் வந்தது. சமையல்காரன் சரியாகத்தான் நிறுத்திருக்கிறான் என்பதை ஒரு படித்த ஆள் எழுதிக்கொடுத்திருக்கிறார். பத்திரமாக வைத்துக்கொள். பிரேம் போட்டு உன் மேஜைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

தம்பி

*

ஆகஸ்ட் 15

தம்பி,

சீட்டை நாலு தடவை படித்தேன். அலுவலகத்தில் வைத்துப் படித்தது தப்பு. ஒரு கடைக்காரர் தன் படிக்கற்களோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, எடை சரியில்லையா?" என்று கேட்டார். சீட்டை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

உனக்கு ஒன்று தெரியாது. இதற்கு முன்னால் என்னிடம் ஒரு முயல் இருந்ததே, குமாஸ்தா, அது வயதாகிச் செத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்கு மூன்று வயதுதான். வெளியூர் சோதனைக்குப் போகும்போதெல்லாம் கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டுப் போவேன். வந்து அது குண்டாக, சந்தோஷமாக இருப்பதைப் பார்ப்பேன். கடைசியில் ஈரல் முழுக்கக் கொழுப்பு என்றார்கள். ஊரில் இருக்கிற தராசை எல்லாம் சோதிக்கிறவள், என் வீட்டு முயலை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை. இதை உன்னிடம் சொன்னால் கேன்டீன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

தீவன மூட்டையின் பின்னால் இரண்டு வரி இருந்தது. ஒன்று பெரிய முயலுக்கு, ஒன்று குட்டிக்கு. குட்டிக்கான வரியையும் படித்தேன். கிண்ணம் நிறையப் போடு என்றிருந்தது. விற்கிறவன் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்தேன். பெரிய முயலின் அளவை எடுத்து, அதிலும் பயந்துபோய்க் கொஞ்சம் குறைத்தேன். அதுதான் உன் இருபது கிராம். அதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. பயத்தில் போட்ட அளவு. உத்தரவு மாதிரி எழுதினால் உத்தரவாகிவிடும் என்று நினைத்தேன்.

நீ ஜூன் மாதமே கேட்டாய். எடையும் சரியாக அனுப்பினாய். நான்தான் நம்பவில்லை. நீ எழுதிய எண் என்பதாலேயே நம்பவில்லை. வேறு எந்த மடையன் எழுதியிருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன்.

இப்போது எவ்வளவு தின்கிறது? தயவுசெய்து எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 22

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கத்தான் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக இதற்குத்தானே காத்திருந்தேன். கேன்டீனில் பின்பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, தேநீர் ஊற்றிக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. தேநீரும் ஆறிப்போனது.

நீ ஒரு உண்மையை எழுதிவிட்டாய். அதனால் நானும் எழுத வேண்டியிருக்கிறது. அந்த விஷயத்திலும் உன்னிடம் தோற்க எனக்கு இஷ்டமில்லை.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே உன் படிக்கல்லைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ காட்டியது. தரை சமமாகத்தான் இருந்தது. கூடையை ஒரு தடவைதான் கழித்திருந்தேன். எல்லாம் சரி, நீதான் தப்பு என்று அன்றைக்கே தெரியும். அதை உனக்கு எழுதவில்லை. "அதே இருபது. உத்தரவு." என்று மட்டும் எழுதினேன். அந்த வரியை எழுதி முடித்தபோது எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா? நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி இருந்தது.

அதற்கும் முன்னாலேயே எனக்குத் தெரியும். இரண்டாவது வாரமே, வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கும்போது தெரிந்தது. பசித்த உடம்புக்கு ஒரு லேசு உண்டு. முந்நூறு பேருக்குப் பத்தொன்பது வருடம் ஆக்கிப் போடுகிறவனுக்கு அது தெரியாமல் போகுமா? நீ ஒரு தடவை "சமையல்காரனிடம் கேட்கவில்லை" என்று எழுதினாய். சரி, அப்படியென்றால் சமையல்காரனுக்குத் தெரிந்ததைச் சமையல்காரனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நீ எழுத்தில் தப்பாக இருக்க வேண்டும். உன் கையெழுத்தோடு, தேதியோடு தப்பாக இருக்க வேண்டும். அதற்கு அந்தக் குட்டி இன்னும் கொஞ்ச நாள் அதே எடையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

பாயின் விளிம்பு பிரிந்திருந்ததையும் நான்தான் முதலில் பார்த்தேன். என் மனைவி பார்த்தால் கேள்வி கேட்பாள் என்று, பிரிந்த பக்கத்தைக் கீழே மடித்து வைத்துவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் உனக்குப் போன் போடச் சொன்னாள். போடவில்லை. செத்துவிட்டால் என்ன எழுதுவது என்று வரிகளை யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல வரிகள் வந்தன. அது நினைவிருக்கிறது, அதுதான் கேவலம்.

நேற்று உன் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டு, இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்களுக்கும் உங்க அக்காவுக்கும் ஒரு கட்டுப் புல்லக்கூட நம்பிக் குடுக்க முடியாது"ன்னாள். முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வெளிய போங்க"ன்னாள். அந்த அறைக்கு இப்போது உள்ளிருந்து தாழ்ப்பாள். அவள் வெளியே போனால் பூட்டு. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்.

எவ்வளவு தின்கிறது என்று கேட்டாய். எனக்குத் தெரியாது.

தம்பி

*

ஆகஸ்ட் 29

தம்பி,

இரண்டு நாளாக உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். திட்டி ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தால், அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்கும் பொருந்தியது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் உன்னை நம்பக் கூடாது என்பதற்காக அது பட்டினி கிடந்தது. நீ என்னை ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவும் அது பட்டினி கிடந்தது. நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இனிமேல் இருக்காது. கேவலமான இரண்டு ஆட்கள். ஒருத்தி படித்தவள், ஒருத்தன் ருசி தெரிந்தவன், ஒரு கிலோ எடையுள்ள ஜீவனுக்கு ஒரு கிண்ணத்தை நிரப்ப இரண்டு பேருக்கும் துப்பில்லை.

உன் மனைவியிடம் ஒன்று கேட்டுச் சொல். இது உத்தரவு இல்லை. நவம்பரில் எனக்கு இங்கே முடிகிறது. திரும்பி வரும்போது மேனேஜரைத் தருவாளா? இங்கே எனக்குப் பேச்சுத்துணை யாரும் கிடையாது. அங்கேயும் கிடையாது. என்னைக் கண்டால் கடைக்காரர்கள் படிக்கல்லைத் துடைப்பார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் நான் கதவைத் திறந்தால் ஓடி வருவது அது ஒன்றுதான். அதற்காகத்தான் இத்தனை பயமும். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

தரமாட்டேன் என்றால் அதையும் அப்படியே எழுது. மெருகு பூசாதே.

அக்கா

*

செப்டம்பர் 5

அக்கா,

கேட்டேன். மூடிய கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது. உன் கடிதத்தை முழுக்கச் சத்தமாகப் படித்தேன். கேவலமான இரண்டு ஆட்கள் என்ற இடம் வந்தபோது உள்ளே மிஷின் நின்றது. அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

பிறகு சொன்னாள், "வரச் சொல்லுங்க, பாத்துட்டுப் போகட்டும். ஆனா குடுக்குறதா இல்ல." அப்படியே எழுதியிருக்கிறேன், மெருகு பூசவில்லை.

நான் உனக்காகக் கொஞ்சம் வாதாடினேன் என்பதையும் பதிவு செய்துகொள், உனக்குத்தான் எழுத்தில் இருக்க வேண்டுமே. அக்காவுக்கு வேறு யாரும் இல்லை என்றேன். "அதுக்கும் யாரும் இல்லாமத்தானே இருந்துச்சு, ரெண்டு மாசம்"ன்னாள். 

அவள் தராசைத் தொடுவதே இல்லை. அளவு எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டால், முதுகில் கை வைத்துப் பார்க்கிறேன் என்கிறாள். உனக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கும் என்று தெரியும். எனக்கும்தான். அந்த முதுகைத் தொட எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

வேலை முடிந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறேன். அந்நேரம்தான் அவள் கிண்ணத்தில் கொட்டுவாள். முதலில் தீவனம் விழும் சத்தம், பிறகு அது தின்னும் சத்தம். முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது தின்கிறது, நிறுத்துகிறது, எங்கேயோ போய்விட்டு நிதானமாகத் திரும்பி வந்து தின்கிறது. கிண்ணம் அங்கேயே இருக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. கதவில் காதை வைத்தால் நன்றாகக் கேட்கும்.

வா. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கதவுதான் இருக்கிறது. நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.

தம்பி